கூட்டுக்கும் மீனுக்கும் இடையே எவ்வளவு தூரம்?

பென்குயின்களைப் பார்க்கப் போகிறோம் என்றதும் பெட்டிக்கு அடியிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்து வைத்தேன். தங்கை சிரித்துவிட்டாள். “அண்ணா, டிசம்பர்னா இங்க வெயில் காலம். தொப்பியும் தண்ணியும் எடுத்துக்கோங்க, போதும்” என்றாள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகருக்கு அவள் குடும்பம் குடிபெயர்ந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. எட்டு வயது மகளுக்குப் பள்ளி விடுமுறை. ஒரு நாள் காலையில் மூவரும் காரில் புறப்பட்டோம்.

நம்மில் பெரும்பாலோருக்குப் பென்குயின் என்றாலே பனிப்பாளம்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில், உலகில் உள்ள 18 பென்குயின் இனங்களில் அண்டார்க்டிகாவின் பனியில் வாழ்பவை சில மட்டுமே. நிலநடுக்கோட்டை ஒட்டிய கலாபகஸ் தீவுகளில்கூட ஓர் இனம் இருக்கிறது. நாங்கள் பார்க்கச் சென்றது ஆப்பிரிக்கப் பென்குயினை. அந்தக் கண்டத்தில் இனப்பெருக்கம் செய்யும் ஒரே பென்குயின் இனம் அது. தென்னாப்பிரிக்கா, நமீபியா கரைகளிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும் மட்டுமே அது கூடு கட்டுகிறது. 2024 அக்டோபரில், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் அந்தப் பறவையை ‘அழிவின் விளிம்பில் உள்ளவை’ என்ற பட்டியலுக்கு மாற்றியது. காட்டில் முற்றிலும் அற்றுப்போவதற்கு முந்தைய கடைசிப் படி அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து இலட்சத்துக்கும் மேல் இருந்ததாக மதிப்பிடப்படும் பறவை, இன்று பத்தாயிரம் இணைகளுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது.

இந்த எண்களை அறிந்துகொண்டே சென்றேன். அங்கு நான் கண்டதோ வேலியிட்டு, காவலர் அமர்த்தி, கட்டணம் வாங்கி, கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கப்படும் ஒரு கடற்கரை. இவ்வளவு பாதுகாப்புக்கு நடுவிலும் ஒரு பறவை எப்படி அழிகிறது? அன்றைய பயணம் முழுவதும் இந்தக் கேள்வியே என்னைத் தொடர்ந்தது.

குளிர்ந்த கடலின் பறவை

கேப் டவுனிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் சைமன்ஸ் டவுன் என்னும் சிற்றூர் இருக்கிறது. தென்னாப்பிரிக்கக் கடற்படையின் தளம் அமைந்துள்ள ஊர் அது. சாலையின் வலப்புறம் மலை. இடப்புறம் ஃபால்ஸ் விரிகுடா. கிழக்கிலிருந்து திரும்பிய அந்நாளைய மாலுமிகள் கேப் முனையைத் தாண்டிவிட்டதாகத் தவறாக எண்ணி இதற்குள் நுழைந்துவிடுவார்களாம். ‘பொய் விரிகுடா’ என்று பொருள்படும் பெயர் அதனால் வந்தது. வண்ணம் பூசிய மர அறைகள் வரிசையாக நிற்கும் மியூசன்பெர்க் கடற்கரையையும், மீன்பிடிப் படகுகள் அணைந்திருக்கும் கால்க் பே துறைமுகத்தையும் கடந்து சென்றோம்.

வழியில் ஓரிடத்தில் இறங்கித் தண்ணீரில் கால் நனைத்தேன். வெயில் சுட்டெரித்த அந்த வேளையிலும் தண்ணீர் சில்லென்றிருந்தது. விரிகுடாவுக்குள் இருக்கும் நீர் சற்று வெதுவெதுப்பானது என்றும், மலைக்கு அப்பால் அட்லாண்டிக் பக்கம் இதைவிடக் குளிர்ந்திருக்கும் என்றும் தங்கை சொன்னாள். பென்குயின் இங்கே வாழ்வதற்கான காரணம் அந்தக் குளிர்ச்சியில்தான் இருக்கிறது.

ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையை ஒட்டி வடக்கு நோக்கிப் பெங்குவேலா நீரோட்டம் ஓடுகிறது. கோடையில் வீசும் தென்கிழக்குக் காற்று, கரையோரக் கடலின் மேற்பரப்பு நீரை அப்பால் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. ஆழ்கடலில் தேங்கிக் கிடந்த உரச்சத்துகளையும் அந்த நீர் தன்னுடன் கொண்டுவருகிறது. வெளிச்சம் பட்டதும் அதில் நுண்ணுயிர்த் தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றையும் அவற்றை உண்ணும் நுண்ணுயிரிகளையும் தின்று மத்தியும் நெத்திலியும் கூட்டங்கூட்டமாகச் செழிக்கின்றன. பென்குயின் இந்த மீன்களைத் தேடி வந்த பறவை. ஆகவே, அதைக் குளிர்நாட்டின் பறவை என்பதைவிடக் குளிர்ந்த கடலின் பறவை என்பதே பொருந்தும். தரையின் வெப்பத்தை அது சகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதன் கண்ணுக்கு மேலே தோல் இளஞ்சிவப்பாகத் தெரியும். உடல் சூடேறும்போது அங்கே இரத்த ஓட்டம் கூடி, வெப்பம் வெளியேறுகிறது.

காருக்கு அடியில் ஒரு குடித்தனம்

பென்குயின்கள் வாழும் இடத்தின் பெயர் போல்டர்ஸ். பருத்த கருங்கற்பாறைகள் நிறைந்த கரை என்பதால் அந்தப் பெயர். வீடு பெரிதளவுள்ள பாறைகள், யானைகள் நீருக்குள் படுத்திருப்பதைப் போலக் கிடக்கின்றன. டேபிள் மவுண்டன் தேசியப் பூங்காவின் ஒரு பகுதியாக இது பராமரிக்கப்படுகிறது. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பலகை கண்ணில் பட்டது. வண்டியை எடுக்கும் முன் அடியில் பென்குயின் இருக்கிறதா என்று பாருங்கள் என்று அதில் எழுதியிருந்தது. வேடிக்கைக்காக வைத்தது என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில், ஒரு பறவை நடைபாதையை விட்டு இறங்கி, சாலையோரம் நின்றிருந்த காரின் நிழலுக்குள் நிதானமாகப் புகுந்துகொண்டதைப் பார்த்தேன்.

நுழைவுச்சீட்டு வாங்கினோம். அயல்நாட்டவருக்குக் கட்டணம் அதிகம். புதர்களுக்கு ஊடே கடலை நோக்கி மரப்பலகை நடைபாதை செல்கிறது. தரைக்குச் சற்று மேலே அமைத்திருப்பதால் மனிதக் கால்கள் கூடுகளை மிதிப்பதில்லை. இருபுறமும், கைக்கு எட்டும் தூரத்தில், பென்குயின்கள். முழங்கால் உயரத்துக்குச் சற்று மேல். எடை மூன்று கிலோ அளவில். வெள்ளை மார்பில் குதிரை லாடத்தைக் கவிழ்த்ததுபோல் ஒரு கறுப்புப் பட்டை. மார்பில் தெறித்திருக்கும் கறுப்புப் புள்ளிகள் நம் கைரேகைபோலப் பறவைக்குப் பறவை வேறுபடுகின்றன.

முதலில் நம்மை வந்து தாக்குவது வாடை. உலர்ந்த கருவாடும் கோழிப்பண்ணையும் கலந்த நாற்றம். அடுத்தது ஓசை. ஒரு பறவை கழுத்தை நிமிர்த்தி, அலகை வானை நோக்கி உயர்த்திக் கத்தியது. அசல் கழுதையின் கனைப்பு. இதனாலேயே ‘கழுதைப் பென்குயின்’ என்ற பெயரும் இதற்கு உண்டு. வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் 1497 நவம்பரில் இதே நாட்டின் மாசல் விரிகுடாவில் நின்றன. பறக்கவியலாத, வாத்து அளவுள்ள, கழுதைபோல் கத்தும் பறவைகளைக் கண்டதாக அந்தப் பயணத்தின் நாட்குறிப்பு சொல்கிறது. அதற்கு ஆறு மாதம் கழித்துத்தான் அவர்கள் கோழிக்கோட்டை அடைந்தார்கள்.

இந்தக் குடியிருப்பு பழமையானதன்று. 1982இல் இரண்டே இணைகள் இங்கே வந்து கூடு கட்டின. அதே காலத்தில்தான் விரிகுடாவுக்கு அப்பால் ஸ்டோனி பாயின்ட் என்ற இடத்திலும், மண்டேலா சிறைவைக்கப்பட்டிருந்த ராபன் தீவில் 1983இலும் பென்குயின்கள் குடியேறின. பொதுவாக இவை தீவுகளையே நாடும். பெருநிலத்தில் சிறுத்தை, காட்டுப்பூனை, நரி என்று பகைகள் பல. ஆனால், ஊர் வளர்ந்த இடத்தில் வேட்டை விலங்குகள் குறைந்திருந்தன. ஃபால்ஸ் விரிகுடாவில் பெரும் வலைகளைக் கொண்டு மீன் பிடிப்பதும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. மனிதர்களின் வீட்டுத் தோட்டங்களுக்குள் பென்குயின்கள் குடிவந்தன. இரவெல்லாம் கனைப்பதாகவும் பூச்செடிகளைத் தோண்டுவதாகவும் குடியிருப்போர் குறைப்பட்டார்கள். பிறகு வேலி வந்தது. சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். இரண்டு இணைகள் பெருகி, இரண்டாயிரம், மூவாயிரம் பறவைகள் என்றாயின.

இங்கே நான் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். நடைபாதையின் ஓரத்தில் ஒரு பறவை அடைகாப்பதுபோல் படுத்திருந்தது. கைப்பேசியை நீட்டிப் படமெடுக்கக் கைப்பிடிக் கட்டைக்கு வெளியே குனிந்தேன். பறவை தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. உடனே மறுபுறம் சாய்த்து மறு கண்ணால் பார்த்தது. அழகாயிருக்கிறதே என்று இன்னும் குனிந்தேன். பின்னாலிருந்து காவலர் ஒருவர் கூப்பிட்டார். அந்தத் தலையசைப்பு எச்சரிக்கை என்றும், அடுத்தது கொத்துதான் என்றும் சொன்னார். பறவை பயந்து எழுந்தால், காத்திருக்கும் கடற்காகம் முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்றார். நட்பென்று நான் நினைத்தது அச்சம். மன்னிப்புக் கேட்டு விலகினேன்.

ஏன் மாமா சோறு கொடுக்கல?

நடைபாதையின் முடிவுக்குச் சற்று முன்பு தங்கை மகள் நின்றுவிட்டாள். ஒரு புதரடியில், தலையணை பிய்ந்ததுபோல் உடலெங்கும் இறகு சிலிர்த்து உதிர்ந்துகொண்டிருந்த பறவை ஒன்று அசையாமல் நின்றிருந்தது. அதன் காலடியில் பழுப்புநிறத் தூவி போர்த்த ஒரு குஞ்சு. குஞ்சு அலகை உயர்த்திப் பெரிய பறவையின் அலகை இடித்து இடித்துக் கேட்டது. பெரிய பறவை முகத்தைத் திருப்பிக்கொண்டது. மீண்டும் கேட்டது, மீண்டும் திருப்பிக்கொண்டது.

“ஏன் மாமா அது சோறு குடுக்கல? அம்மா இல்லையா அது?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. என்னைக் கண்டித்த அதே காவலரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

பறவைகள் பொதுவாக ஓரிரு இறகுகளாக உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். பென்குயின் ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இறகுகளையும் ஒரே வீச்சில் மாற்றுகிறது. ஓட்டையுள்ள மழைச்சட்டையை அணிந்து குளிர்ந்த கடலில் இறங்க முடியாது அல்லவா? ஆகவே, ஏறத்தாழ மூன்று வாரம் கரையிலேயே நிற்கிறது. அந்த நாள்களில் அதற்கு உணவே கிடையாது. முன்கூட்டியே வயிறு முட்டத் தின்று சேர்த்த கொழுப்புதான் அதைத் தாங்குகிறது. முடிவதற்குள் உடல் எடையில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடுகிறது. பிறகு கடலில் இறங்கி, இழந்ததை விரைவில் ஈட்டியாக வேண்டும். முன்னும் பின்னும் மீன் கிடைக்காவிட்டால் அந்தப் பறவை பிழைப்பதில்லை.

தென்னாப்பிரிக்காவில் இறகு மாறும் காலம் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. பருவம் தவறிப் பிறந்த குஞ்சு அதற்குள் கடலுக்குப் போகும் வயதை எட்டியிருக்காது. பெற்ற பறவையின் உடலோ இறகை உதிர்க்கத் தொடங்கிவிடும். குஞ்சுக்கு மீன் வேண்டும்; தாயோ தந்தையோ கடலுக்குப் போக முடியாது. பெற்றோர் கைவிட்டதுபோல் நமக்குத் தோன்றும். கொடுப்பதற்கு அவற்றிடம் ஒன்றுமில்லை என்பதே உண்மை. அப்படிப்பட்ட குஞ்சுகளை எடுத்துச் சென்று வளர்த்துப் பின்னர் கடலில் விடும் அமைப்பு கேப் டவுனில் இருக்கிறது. 1968இல் தொடங்கப்பட்ட சான்காப் என்னும் கடற்பறவை மீட்பு நிறுவனம் அது. இந்தக் குஞ்சை இரண்டு நாளாகக் கவனித்து வருவதாகவும், அன்று மாலையே எடுத்துவிடுவார்கள் என்றும் காவலர் சொன்னார்.

பருவம் தவறிய குஞ்சுகள் எக்காலத்திலும் உண்டு. கவலை அதுவன்று. உரிய பருவத்தில் பிறந்த குஞ்சுகளும், நன்கு வளர்ந்த பறவைகளும் பட்டினியால் குறைந்துவருகின்றன என்பதே கவலை. 2004இல் டாசன், ராபன் தீவுகளில் இனப்பெருக்கம் செய்த பென்குயின்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் இறந்துவிட்டதாகவும், உணவின்மையே முக்கியக் காரணம் என்றும் அண்மையில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. இத்தனைக்கும் அவை பாதுகாக்கப்பட்ட தீவுகள். கூட்டை யாரும் கலைக்கவில்லை. முட்டையை யாரும் திருடவில்லை. மீன்தான் இல்லை.

நடந்து போக முடிந்த தூரம்

கேப் கன்னெட் என்றொரு கடற்பறவை இதே கரையோரத் தீவுகள் சிலவற்றில் கூடு கட்டி, அதே மத்தியையும் நெத்திலியையும் உண்கிறது. அதற்குச் சிறகு இருக்கிறது. மீன் நூறு கி.மீ. தள்ளிப் போனாலும் பறந்து சென்று திரும்பிவிடும். பென்குயின் நீந்தித்தான் போக வேண்டும். கூட்டில் குஞ்சு இருக்கும்போது அது பெரும்பாலும் 20 முதல் 40 கி.மீ. வட்டத்துக்குள்தான் இரை தேடுகிறது. அதற்கு மேல் போனால் திரும்பி வருவதற்குள் குஞ்சு வாடிவிடும். வழியிலேயே இரையின் பெரும்பகுதி தாய்க்குச் செலவாகிவிடும். கடல் எவ்வளவு விரிந்து கிடந்தாலும் இந்தப் பறவைக்கு உரிய கடல் அந்தச் சிறிய வட்டம்தான்.

1990களின் இறுதியிலிருந்து மத்தியும் நெத்திலியும் முட்டையிடும் இடங்கள் மேற்குக் கரையை விட்டுக் கிழக்கே நகரத் தொடங்கின. கடல்நீரின் வெப்பநிலையிலும் உப்புத்தன்மையிலும் ஏற்பட்ட மாற்றங்கள் ஒரு காரணமாகச் சொல்லப்படுகின்றன. துறைமுகங்களும் ஆலைகளும் மேற்கிலேயே இருந்ததால், குறைந்துபோன மீனை அங்கேயே தொடர்ந்து பிடித்தது இன்னொரு காரணம். பென்குயினோ ஒரு முறை கூடு கட்டிய இடத்தை எளிதில் விடாத பறவை. மீன் நகர்ந்துவிட்டது, பறவை நகரவில்லை.

இளம் பறவைகளின் நிலை இன்னும் பரிதாபமானது. கடலில் இறங்கும் குஞ்சுக்குப் பெற்றோர் வழிகாட்டுவதில்லை. குளிர்ந்த, நுண்ணுயிர்கள் செறிந்த நீரைத் தேடிச் செல் என்று அதன் உடலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. பன்னெடுங்காலமாக அந்த அடையாளங்கள் இருந்த இடத்தில் மீன் இருந்தது. நமீபியக் கரையில் மத்தி வளம் மிகுதியான மீன்பிடிப்பால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சரிந்தது. ஜெல்லி மீன்கள் பெருகின. அடையாளங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. செயற்கைக்கோள் கருவி பொருத்தி இளம் பென்குயின்களைத் தொடர்ந்த ஆய்வாளர்கள், அவை பலவும் இந்த வெறுங்கடலுக்கே நேராகப் போய்ச் சேர்வதை 2017இல் பதிவு செய்தார்கள். பழைய முகவரியை நம்பிப் போய்ப் பூட்டிய வீட்டின் முன் நிற்பதைப் போன்றது இது.

கண்ணுக்குத் தெரிந்த துயரங்கள்

இந்தப் பறவைக்கு மனிதன் இழைத்த பழைய கொடுமைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. கடற்பறவைகளின் எச்சம் பல நூற்றாண்டுகளாகத் தீவுகளில் பல அடி உயரத்துக்குப் படிந்திருந்தது. பென்குயின்கள் அதைத் தோண்டி, வெயில் படாத வளை அமைத்து முட்டையிட்டன. 1840களில் அது சிறந்த உரம் என்று ஐரோப்பா கண்டுகொண்டது. நமீபியக் கரைக்கு அப்பால் உள்ள இச்சபோ என்னும் சிறு தீவைக் கப்பல்கள் மொய்த்தன. சில ஆண்டுகளுக்குள் தீவு வெறும் பாறையாகிவிட்டது. மற்றத் தீவுகளிலும் சுரண்டல் தொடர்ந்தது. வளையிழந்த பறவைகள் திறந்த வெளியில் முட்டையிட்டன. வெயில் தாங்காமல் எழுந்தால் முட்டை கடற்காகத்துக்குப் போயிற்று. முட்டைகளை உணவுக்காகப் பெருமளவில் திரட்டி விற்கும் வழக்கமும் இருந்தது; 1960களின் இறுதியில்தான் அது நின்றது.

இவற்றுக்கெல்லாம் நாம் பரிகாரம் தேடியிருக்கிறோம். குவானோ வளைகளுக்கு ஈடாகச் செயற்கைக் கூடுகள் வைக்கப்பட்டன. போல்டர்ஸில் புதர்களுக்கு நடுவே அவற்றைப் பார்த்தேன். 2000 ஜூனில், ‘டிரஷர்’ என்ற சரக்குக் கப்பல் டாசன், ராபன் தீவுகளுக்கு இடையே மூழ்கி எண்ணெய் கசிந்தபோது நடந்தது இன்னும் வியப்பானது. எண்ணெயில் நனைந்த ஏறத்தாழ 19,000 பென்குயின்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கையால் கழுவினார்கள். எண்ணெய் படாத 19,500 பறவைகளைப் பிடித்து, ஏறத்தாழ 800 கி.மீ. தொலைவில் உள்ள போர்ட் எலிசபெத்துக்கு வண்டிகளில் கொண்டுசென்று கடலில் விட்டார்கள். அவை நீந்தி வீடு திரும்புவதற்குள் கடலைத் தூய்மை செய்துவிடலாம் என்பது கணக்கு. பீட்டர், பமீலா, பெர்சி என்று பெயரிட்டு மூன்று பறவைகளுக்குக் கருவி பொருத்தினார்கள். அவை கரையோரமாக நீந்தி வருவதை நாடே நாள்தோறும் கவனித்தது. கணக்குப் பலித்தது. கழுவப்பட்ட பறவைகளிலும் பெரும்பாலானவை பிழைத்தன.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, வாளிகளோடு கடற்கரைக்கு ஓடிய இளைஞர்கள் நம் நினைவில் இருக்கிறார்கள். கண்ணெதிரே நிகழும் துயரத்துக்கு மனிதர்கள் இரங்குகிறார்கள். கறுத்துப்போன பறவையைப் படமெடுக்கலாம், கையில் ஏந்தலாம், கழுவலாம். மெல்ல நிகழும் பட்டினிக்கு அப்படியொரு படம் இல்லை. கடலுக்குள் சென்று திரும்பாத பறவையை யாரும் பார்ப்பதில்லை. டிரஷர் விபத்தில் காப்பாற்றப்பட்ட அதே தீவுகளின் பறவைகள்தான், சில ஆண்டுகளுக்குள் பசியால் மடிந்தன.

கடலில் ஒரு கோடு

மத்தியையும் நெத்திலியையும் பிடிப்பது அங்கே பெருந்தொழில். பயன்படுத்துவது சுருக்குமடி வலை. மீன்கூட்டத்தை வளைத்து, அடியைச் சுருக்கி, மொத்தமாக அள்ளும் இந்த வலையைப் பற்றிய சச்சரவு தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் பழக்கமானது. பிடிபடும் மத்தி பெரும்பாலும் டின்களில் அடைக்கப்படுகிறது; நெத்திலி மீன்தூளாகவும் எண்ணெயாகவும் மாறுகிறது. மேற்குக் கரையின் சிற்றூர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த ஆலைகளையும் படகுகளையும் நம்பியிருக்கின்றன. அவர்களை வில்லன்களாக்குவது எளிது, அது நியாயமாகாது.

கூடுகளைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் மட்டும் இந்த மீன்பிடிப்பை நிறுத்தினால் பென்குயினுக்குப் பயன் உண்டா? 2008 முதல் சில தீவுகளைச் சுற்றி மாற்றி மாற்றிக் கடலை மூடியும் திறந்தும் சோதித்தார்கள். பயன் உண்டு என்றார்கள் பறவை அறிஞர்கள். மிகச் சிறிது, இழப்புக்கு ஈடாகாது என்றது மீன்பிடித் தரப்பு. வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2023இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று இரு தரப்பையும் கேட்டது. பயன் பெரிதன்று, ஆனால் உண்மையானது என்றது. மூடும் பரப்பைப் பறவை உண்மையில் இரை தேடும் இடத்தைப் பார்த்து வரைய வேண்டும் என்றது. அதற்குப் பின்னும் அரசு அறிவித்த எல்லைகள், பறவை நீந்தும் பரப்போடு முழுமையாகப் பொருந்தவில்லை. 2024 மார்ச்சில் பேர்ட்லைஃப் தென்னாப்பிரிக்காவும் சான்காப்பும் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தை நாடின.

ஓராண்டு கழித்து, 2025 மார்ச்சில், மீன்பிடித் தொழில்துறையும் பறவை அமைப்புகளும் உடன்பாட்டுக்கு வந்தன. நீதிமன்றம் அதை ஆணையாக்கியது. ஆறு முக்கியக் குடியிருப்புகளைச் சுற்றி, வகுக்கப்பட்ட பரப்புகளில், மத்திக்கும் நெத்திலிக்கும் சுருக்குமடி வலை வீசுவது பத்து ஆண்டுகளுக்கு விலக்கப்பட்டது. டாசன், ராபன், டையர், செயின்ட் குரோய், பேர்ட் ஆகிய தீவுகளும் ஸ்டோனி பாயின்ட்டும் அந்த ஆறு.

மீனுக்காகக் கடலை மூடுவது நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாம் காலத்தைக் கொண்டு எல்லை வகுக்கிறோம். அவர்கள் இடத்தைக் கொண்டு வகுத்திருக்கிறார்கள். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: கடல் முழுவதும் எப்போதும் நமக்கே உரியது என்று கொள்ளாமல் சற்று ஒதுங்கி நிற்பது.

இதுவே போதும் என்று யாரும் சொல்லவில்லை. மீன் கிழக்கே நகர்வதை எந்த நீதிமன்றமும் தடுக்க முடியாது. அதனால்தான், மீன் இருக்கும் பக்கமாகப் பறவைகளை ஈர்க்கவும் முயல்கிறார்கள். டி ஹூப் என்னும் காப்பகக் கரையில் பென்குயின் பொம்மைகளை நிறுத்தி, அவற்றின் கனைப்பொலியை ஒலிக்கவிட்டார்கள். சிறிது சிறிதாகச் சில இணைகள் அங்கே தங்கிக் கூடு கட்டியிருக்கின்றன. எண்ணிக்கையில் சொற்பம். ஆனாலும், மீனுக்கு அருகே கூடு இருக்க வேண்டும் என்ற புரிதல் அதில் இருக்கிறது.

என் கேள்விக்கு அன்று கிடைத்த விடை இதுதான். நாம் வேலியிட்டிருப்பது பறவை தூங்கும் அறைக்கு. அதன் அடுப்படி நம் பார்வைக்கு எட்டாத தொலைவில், கடலில் இருக்கிறது. சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் கூட்டையும் குளத்தையும் மரத்தையும் எண்ணுகிறதே தவிர, அந்த உயிர் பசியாறப் போகும் வழியை எண்ணுவதில்லை. காப்பது என்றால் அந்த வழியையும் சேர்த்துக் காப்பதாக இருக்க வேண்டும். அதற்கு விலை உண்டு. அதைக் கொடுக்க மீனவரையும் ஆலைத் தொழிலாளியையும் மட்டும் நிர்ப்பந்திக்காமல், நுழைவுச்சீட்டு வாங்கி ரசிக்கும் என் போன்றவர்களும் அரசுகளும் பங்கேற்க வேண்டும்.

மாலையில் திரும்பும்போது, புதரடியில் அந்தக் குஞ்சு இல்லை. இறகுதிர்க்கும் பறவை மட்டும் கடலைப் பார்த்தபடி அதே இடத்தில் நின்றிருந்தது. குஞ்சைக் காலி அட்டைப்பெட்டி போன்ற ஒன்றில் வைத்து எடுத்துப் போய்விட்டதாகக் காவலர் சொன்னார். “அங்க அதுக்கு என்ன குடுப்பாங்க?” என்று தங்கை மகள் கேட்டாள். மத்தி மீன்தான் என்றார். அவள் நிம்மதியடைந்தாள்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தோம். தங்கை சாவியைத் திருப்பும் முன், மூவரும் குனிந்து காருக்கு அடியில் பார்த்தோம். ஒன்றுமில்லை. புறப்பட்டோம்.